முப்பத்து மூன்று ஹேங்கர்கள்

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, நான்காவது மாடியில் இருக்கும் இரண்டு அறை வீட்டின் படுக்கையறை அலமாரியில் நூற்று ஐம்பத்தாறு உருப்படிகள் இருந்தன. கணவனுடையவை முப்பத்தொன்பது. மனைவியுடையவை எழுபத்தொன்று. எட்டு வயது மகளுடையவை நாற்பத்தாறு.

எண்ணியது கணவன். அதுதான் அவன் தொழிலும். கிடங்கு கிடங்காகப் போய், அங்கே இருக்கும் சரக்கும் புத்தகத்தில் எழுதியிருக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று பார்க்கும் தணிக்கையாளன். மாதத்தில் பாதி நாள் அட்டைப்பெட்டிகளின் நடுவே கழியும். அப்படிப்பட்டவனுக்கு, குறைவாக வைத்துக்கொண்டு நிறைவாக வாழ்வது எப்படி என்று ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. படித்து முடித்த மறுநாளே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியலை ஒட்டினான். ஆளுக்கு முப்பத்து மூன்று உருப்படி. நான்கு வாரத்துக்குள் மற்றதெல்லாம் வெளியே போய்விட வேண்டும்.

"மடியில கனம் இல்லன்னா வழியில பயம் இல்ல. சும்மாவா சொன்னாங்க," என்றான்.

மனைவி உடனே தலையாட்டவில்லை. பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது இருக்கட்டுங்க, குளிருக்கு ஆகும்," என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை அவன் பேசாமல் பார்த்தான். அவள் ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். சட்டென்று ஒத்துக்கொண்டிருந்தால் அவன் யோசித்திருப்பான். பதினொரு வருடக் குடித்தனத்தில் அவள் கற்ற வித்தை அது.

அவள் இந்த வீட்டை விட்டுப் போவதென்று முடிவு செய்து அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது.

முந்தின வருடம் ஆகஸ்டில் ஒருமுறை பெட்டியோடு வாசல் வரைக்கும் போனாள். கணவன் கத்தவில்லை. அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, கட்டிலில் திறந்து, ஒவ்வொரு துணியையும் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். ஒன்பது நாள். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. பத்தாம் நாள் கூட்டிவந்து, தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னான்: "நீ பெட்டி எடுத்தா உனக்குப் பிள்ளை கிடையாது. இதுக்கு மேல இதைப் பத்திப் பேச வேண்டாம்."

அவள் வேலை செய்யும் மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளர் இருந்தார். நோயாளிகளின் குடும்பச் சிக்கல்களைக் கேட்பதற்கென்று அவருக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இவள் போய் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். பணியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடும்ப நீதிமன்றத்துல மனு போடுற அன்னைக்குக் குழந்தை யார் கையில இருக்குங்கறது ரொம்ப முக்கியம். உங்க வீட்டுக்காரர் கையில இருந்தா வழக்கு இழுத்துக்கிட்டே போகும். ஒரே ஒரு தடவைதான் கிளம்பணும். அதுல தப்பக் கூடாது," என்றார்.

ஆகவே பெட்டி ஆகாது. கிளம்பும் நாளில் கைவீசிக்கொண்டு கிளம்ப வேண்டும். தேவையானது எல்லாம் அதற்கு முன்பே, ஒவ்வொன்றாக, வெளியே போயிருக்க வேண்டும். எப்படி என்று ஏழு வாரமாக வழி தெரியாமல் விழித்தவளுக்கு, வழியைக் கணவனே பட்டியல் போட்டுக் கதவில் ஒட்டிக்கொடுத்தான்.

"கரும்பு தின்னக் கூலி குடுக்கறாரு உன் வீட்டுக்காரரு," என்றாள் டேப் அக்கா.

டேப் அக்கா அவளுடைய மேலாள். மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவி, துணியில் சுற்றி, நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறவள். சுற்றிய பொதியின் மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். போதிய சூடு பட்டால் அதிலிருக்கும் கோடுகள் கறுக்கும். அந்த டேப் சுருளை வளையல் மாதிரி எப்போதும் மணிக்கட்டில் மாட்டியிருப்பதால் அந்தப் பெயர். கணவன் இல்லை, ஒரே மகன் வெளிநாட்டில். வீட்டின் பின்னறை காலியாகக் கிடந்தது.

"அக்கா, சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கட்டும். அது மூஞ்சியில மட்டும் தெரியக் கூடாது. என் லாக்கர் சாவி இந்தா. காலையில பையைக் கொண்டா, சாயங்காலம் நான் எடுத்துட்டுப் போறேன். உங்க வீட்ல குறையக் குறைய எங்க வீட்ல கூடும். நான் என்ன புத்தகமா படிச்சேன்."

அப்படித்தான் நடந்தது. மருத்துவமனை வாசலில் பழந்துணி போடும் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது, வேலைக்குப் போகும்போது அதில் போட்டுவிடுகிறேன் என்று கணவனிடம் சொன்னாள். பெட்டி இருந்தது உண்மை. சிலவற்றை அதில் போட்டதும் உண்மை. நான்கு வாரத்தில் அவளுடையதும் மகளுடையதுமாக நாற்பத்து நான்கு உருப்படிகள் வீட்டை விட்டுப் போயின. பதினெட்டு பெட்டிக்குள். இருபத்தாறு டேப் அக்காவின் பின்னறைக்குள்.

கணவன் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணினான். அலமாரி இளைக்க இளைக்க அவன் முகம் தெளிந்தது. மிச்சமிருக்கும் துணிகளை வைக்க ஒரே அளவில் ஐந்து பெட்டிகள் வாங்கி வந்தான். பிறகு அந்தப் பெட்டிகளை அடுக்க ஒரு தட்டு. "குறைச்சு வாழறதுன்னா சும்மாவா, எவ்வளவு சாமான் வேணும்," என்று டேப் அக்கா அதற்கும் சிரித்தாள்.

நாள் ஏப்ரல் பதினொன்று, வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தார்கள். அன்று கணவன் வெளியூர்க் கிடங்குக்கு இரண்டு நாள் வேலையாகப் போகிறான். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போவது போலக் கிளம்பி, அப்படியே போய்விட வேண்டியது. மிச்சம் இருந்தது ஒரு பை. ஏழு உருப்படி. அதோடு ஒரு காகிதம்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். புதுப் பள்ளியில் சேர்க்க அது வேண்டும். சான்றிதழ்கள் எல்லாம் கணவனின் கோப்பில் வரிசை எண் போட்டு இருந்தன. ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை, அவன் குளித்துக்கொண்டிருந்தபோது பதினான்காம் எண் உறையிலிருந்து எடுத்து, மெரூன் நிற நீள கவுனின் நடுவே வைத்து மடித்தாள். கைப்பையில் வைக்க முடியாது. பழைய ரசீதுகள் சேரக் கூடாதென்று கைப்பையைத் தினமும் காலையில் அவன்தான் துப்புரவு செய்வான்.

ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, கணவன் எழுது அட்டையும் பேனாவுமாக வந்து அந்தப் பையின் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அது நாளைக்கு எடுத்துட்டுப் போறதுங்க," என்றாள்.

"தெரியுது. கடைசி லாட். ஒரு பார்வை பார்த்துடறேன்."

இதுவரை அவன் அலமாரியில் இருப்பதைத்தான் எண்ணியிருக்கிறான். வெளியே போவதைப் பார்த்ததில்லை. அவள் சமையலறை வாசலில், கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு நின்றாள். தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் மேலே இருந்த கறுப்புக் கால்சட்டையை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். நான்கு பக்கமும் உள்ளே மடிந்து, ஒரே ஒரு முனை மட்டும் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையைப் பிடித்து இழுத்தான். மொத்தமும் ஒரே இழுப்பில் பூப்போல விரிந்தது.

"என்ன மடிப்பு இது?"

கிருமி நீக்கும் அறையில் கருவிகளைச் சுற்றும் மடிப்பு அது. உள்ளே இருப்பதன் மேல் கை படாமல் திறப்பதற்காக அப்படி மடிப்பார்கள். நாளுக்கு நூற்றைம்பது பொதி மடிக்கிற கை. பத்திரமாகப் போய்ச் சேர வேண்டிய பொருளைத் தொட்டதும், அவளைக் கேட்காமலேயே அந்தக் கை தன் வேலையைப் பார்த்திருந்தது.

"வேலை செய்யற இடத்துப் பழக்கம்," என்றாள். "அங்க நாள் பூரா அதானே மடிக்கறேன்."

"அலமாரியில இருக்கறதை நீ இப்படி மடிக்கறதில்லையே."

அவன் இரண்டாவதை எடுத்தான். பழுப்பு ஸ்வெட்டர். முனையை இழுத்தான். விரிந்தது.

"வெச்சுக்கறதைச் சுருட்டி உள்ள திணிக்கற. தூக்கிப் போடறதை மட்டும் நகைப்பெட்டி மாதிரி மடிக்கற. உலகத்துல யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?" கேட்டது சாதாரணமாகத்தான். நூல் விட்டுப் பார்க்கும்போது அவன் அப்படித்தான் கேட்பான்.

"நாம தூக்கிப் போடறோம். எடுக்கறவங்களுக்கு அது புதுசு. அழுக்குமூட்டையா கசக்கிக் குடுத்தா வாங்கறவங்களுக்கு மனசு வலிக்காதா? நாளைக்கு நமக்கே அந்த நிலைமை வரலாம்."

அவன் அட்டையில் என்னவோ குறித்தான். மூன்றாவது, நான்காவது: பிள்ளையின் பள்ளிச் சீருடை ஒன்று, வெள்ளைச் சட்டை ஒன்று. விரித்தான், பார்த்தான், ஒதுக்கினான். ஐந்தாவது, பிள்ளையின் நீலக் கோட்டு.

"இது இவளுக்கு நல்லாத்தானே இருந்துது?"

"கை கட்டையா போச்சுங்க."

"குட்டி, இங்க வாம்மா."

மகள் அடுத்த அறையிலிருந்து பென்சிலோடு வந்தாள். வயதுக்குக் கொஞ்சம் ஒல்லியானவள். கோட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் நுழைத்தாள்.

தாய்க்குத் தெரியும், அந்தக் கோட்டு இன்னும் ஒரு வருடம் தாராளமாக வரும். பார்க்காதது போலத் தட்டைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது மகள் தோள்களைக் காதுவரை தூக்கி, கைகளை முன்னால் நீட்டி நின்றாள். மணிக்கட்டு இரண்டு விரல் அகலம் வெளியே தெரிந்தது.

"இங்க இடிக்குதுப்பா," என்றாள் மகள், கக்கத்தைக் காட்டி.

"போன மாசம் போட்டுக்கிட்டுப் போனியே?"

"போன மாசமே இடிச்சுது. சொன்னா புதுசு வாங்கறது தப்புன்னு சொல்லுவீங்க."

அவன் சிரித்துவிட்டான். "பாத்தியா, என் பாடத்தை என்கிட்டயே ஒப்பிக்கறா." கோட்டின் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டான்.

ஆறாவதைக் கையில் எடுத்தான். மெரூன் கவுன். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அந்த முனையின் மேல்தான் இருந்தது. அவன் பட்டியலைப் பார்த்தான், கவுனின் நிறத்தைப் பார்த்தான்.

"மெரூன் கவுன். சரி. கம்பளிச் சால்வை. சரி."

இழுக்கவில்லை. தணிக்கைக்காரர்கள் எல்லாப் பெட்டியையும் திறப்பதில்லை. ஏழில் ஐந்தைத் திறந்து பார்த்துச் சரியாக இருந்தால், மீதி இரண்டையும் சரி என்று எழுதிவிடுவது அவர்கள் வேலையில் வழக்கம். விரித்ததை எல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டு, வாயைத் தானே முடிச்சுப் போட்டான்.

அவள் தட்டை அலமாரியில் வைத்தாள். நாளைக் காலை ஏழரைக்குப் பை லாக்கருக்குள் இருக்கும். இன்னும் பதினேழு மணி நேரம்.

"நாளைக்கு எதுக்கு?" என்று கணவன் எழுந்தான். "தெருமுனையிலயே ஒரு பெட்டி வெச்சிருக்காங்களே. மூணு பேருமா போய்ப் போட்டுட்டு வருவோம். கடைசி லாட், சேர்ந்து போட்டா அதுக்கு ஒரு மரியாதை."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது இதுதான். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணமே இல்லை. காரணம் இல்லாத இடத்தில் அவள் வாயைத் திறப்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தெருமுனைப் பெட்டி ஆள் உயரம், பச்சைப் பெயின்ட். மேலே ஓர் இரும்பு வாய். கைப்பிடியைக் கீழே இழுத்தால் தட்டு வெளியே வரும். அதில் பையை வைத்துத் தள்ளினால் உள்ளே கவிழ்ந்துவிடும். உள்ளே போனதைக் கைவிட்டு எடுக்க முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள். 'புதன்கிழமைதோறும் சேகரிக்கப்படும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

கணவன் கைப்பிடியை இழுத்துப் பிடித்தான். "நீயே போடு. அப்பத்தான் மனசு லேசாகும்."

அவள் பையைத் தட்டில் வைத்தாள். விரல்கள் முடிச்சின் மேல் ஒரு கணம் நின்றன. மகள் பக்கத்தில் நின்று பெட்டியில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தாய் பையைத் தள்ளினாள். உள்ளே பொத்தென்று விழுந்தது.

"எப்படி இருக்கு?"

"லேசாத்தான் இருக்கு."

போனது போகட்டும், ஏழு துணிதானே, சான்றிதழுக்கு வேறு வழி பார்க்கலாம், வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கிறது என்று படியேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் படுக்கையறைக்குப் போய் கோப்பை எடுத்து வந்து மேஜையில் வைத்தான்.

"துணி முடிஞ்சா அடுத்தது காகிதம். புத்தகத்துல அப்படித்தான் வரிசை."

"அடுத்த ஞாயித்துக்கிழமை பார்க்கலாமே. இன்னைக்கு ரொம்ப வேலை செஞ்சுட்டீங்க."

"அடுத்த வாரம் வெளியூர்ல அலைஞ்சுட்டு வந்து படுத்துருவேன். கை வெச்சது வெச்சாச்சு, இன்னைக்கே முடிச்சுடலாம்." கோப்பின் முதுகைத் தடவிப் பார்த்தான். கிழிந்திருந்தது. "இது சரிப்படாது. ரெண்டு புதுக் கோப்பும் கொஞ்சம் லேபிளும் வாங்கணும். பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடை திறந்திருக்கும். போயிட்டு இருபது நிமிஷத்துல வரேன். வந்ததும் உட்கார்ந்துருவோம்."

கோப்பின் வரிசைப்படி ஒன்றிலிருந்து தொடங்குவான். பதினான்காம் எண்ணுக்கு வர அரை மணி நேரம் ஆகாது. உறை காலியாக இருக்கும். யார் எடுத்தது என்று கேட்கக்கூட மாட்டான். நாளைக் காலை கண் விழிக்கும்போது பிள்ளை பக்கத்தில் இருக்காது.

"குட்டி, அப்பாகூட வரியா? லேபிள் நீயே தேர்ந்தெடுக்கலாம்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்டுப்பாடம் இருக்குப்பா. ஆறு கணக்கு."

"சமத்து," என்றான். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஏழு.

அவள் அறை நடுவில் நின்றாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒன்றும் ஓடவில்லை. பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது? கடைக்கு என்றா? மாவு கரைத்த மாதிரி மண்டை கலங்கியிருந்தது.

"அம்மா," என்றாள் மகள். "இன்னைக்கா?"

"எது இன்னைக்கு?"

"போறது."

அவள் மண்டியிட்டு மகளின் தோளைப் பிடித்தாள். "யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. பழசைத்தானே தூக்கிப் போடணும்? நீ நல்லதை எல்லாம் பையில போட்டுட்டுப் பழசை எல்லாம் உள்ள வெச்சிருக்க. என் சிவப்பு ஸ்வெட்டர் போச்சு. கிழிஞ்ச ஸ்வெட்டர் இருக்கு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பா எண்ணிக்கைதானே பார்ப்பாரு."

நான்கு வாரமும் எட்டு வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துக்கொண்டே, வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதற்கு வருத்தப்பட இப்போது நேரமில்லை. "செருப்பு போடு," என்றாள். "பை வேண்டாம். எதுவும் வேண்டாம்."

கைபேசியைச் சமையலறையில் சார்ஜரில் மாட்டினாள். அது எங்கே போனாலும் அவன் கைபேசியில் புள்ளியாகத் தெரியும். கைப்பையைத் திறந்து, பஸ்ஸுக்கு ஆகும் சில்லறையையும் மருத்துவமனை அடையாள அட்டையையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பழக்கத்தில் பார்த்தாள். மூன்று பதின்மூன்று.

லிஃப்டைத் தொடவில்லை. படியில் இறங்கினார்கள். இரண்டாம் மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது. இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்தது. யாரோ இருமினார்கள். அவன் இருமல் இல்லை.

தெருவில் வலது கைப்பக்கம் போனால் பஸ் நிறுத்தம். அங்கேதான் கடையும். இடது கைப்பக்கம் திரும்பி, முந்தின நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"ஓடலாமாம்மா?"

"ஓடாதே. நட. ஓடினா எல்லாரும் பார்ப்பாங்க."

"வேகமா நடக்கலாமா?"

"நடக்கலாம்."

காற்றில் குளிர் இருந்தது. மகள் மெல்லிய சட்டையோடு இருந்தாள். கோட்டு பச்சைப் பெட்டிக்குள் கிடந்தது. தாய் அவளைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டே நடந்தாள். நிறுத்தத்தில் ஆறு நிமிடம் நின்றார்கள். வந்த பஸ்ஸில் ஏறிப் பயணச்சீட்டு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த பஸ் அடுத்ததாகக் கடை வாசலில் நிற்கும்.

இறங்க நேரமில்லை. பஸ் அவர்கள் கட்டிடத்தையும் தெருமுனையையும் கடந்து, வேகம் குறைந்தது.

"செருப்பு வாரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கோ," என்றாள். மகள் குனிந்தாள். தாய் எழுந்து, முன்னால் நின்றிருந்த ஒரு பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள்.

கதவு திறந்தது. கணவன் கடை வாசலில் நின்றிருந்தான். கக்கத்தில் இரண்டு கோப்பு. கையில் ரசீது. ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கைத்தடியோடு ஒரு பெரியவர் பஸ் படியில் ஒரு காலை வைத்து, மறு காலை எடுத்துவைக்கக் கம்பியைத் தேடினார். நடத்துநர், "மெதுவா வாங்க பெரியவரே, பஸ் எங்கயும் ஓடிப்போகாது," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்துக்குக் கணவன் தலை நிமிர்ந்தது. அவன் கண் பஸ்ஸின் எண்ணைப் பார்த்தது, ஜன்னல் வரிசையைப் பார்த்தது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் அந்தப் பருத்த மனிதரின் முதுகு மட்டும் இருந்தது. அவர் மூச்சு விடும்போது சட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெரியவர் இரண்டாவது காலையும் வைத்தார்.

கதவு மூடியது. கணவன் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான். அவன் லிஃப்டில் ஏறிக் கதவைத் திறக்க இன்னும் நான்கு நிமிடம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். பஸ் பாலத்தில் ஏறியது.

டேப் அக்கா வீட்டில் இருப்பாளா என்பதே தெரியாது. வெள்ளிக்கிழமை என்றுதான் பேச்சு. மணியை இரண்டு தடவை அடித்த பிறகு கதவு திறந்தது. தலையில் எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு அக்கா நின்றாள். தாயையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள், இருவரின் வெறுங்கையையும் பார்த்தாள்.

"அக்கா, கடைசிப் பை போச்சு. அவரே கூட வந்து பெட்டியில போட வெச்சுட்டாரு. சர்டிபிகேட் அதுக்குள்ள இருந்துது. இன்னைக்கே கோப்பைத் திறக்கறேன்னுட்டாரு, வேற வழி..."

"காகிதத்துக்கு நகல் குடுப்பாங்க," என்றாள் டேப் அக்கா. "பிள்ளைக்கு எந்த ஆபீஸ்ல குடுப்பாங்க? செருப்பை உள்ள கொண்டு வந்து வை, வாசல்ல விடாதே. ஏய் வாலு, உனக்குப் பசிக்குதா?"

"சிவப்பு ஸ்வெட்டர் இங்கதான் இருக்கா?" என்றாள் மகள்.

"பின்னறையில போய்ப் பாரு. உங்கம்மா மடிச்ச மடிப்பு, ஒரு முனையைப் பிடிச்சு இழு, தானா திறக்கும்."

அன்று மாலை ஐந்தரைக்குக் கணவன் காவல் நிலையத்தில் மனைவியையும் மகளையும் காணவில்லை என்று புகார் கொடுத்தான். இரவு எட்டு மணிக்குச் சமூகப் பணியாளர் அவளை அதே நிலையத்துக்கு அழைத்துப்போய், தன் விருப்பத்தின் பேரில் வெளியேறியதாக எழுதிக் கொடுக்க வைத்தார். திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் குடும்ப நீதிமன்றத்தில் மனு பதிவானது. தெருமுனைப் பெட்டியைப் புதன்கிழமை லாரி வந்து காலி செய்தது. அவர்கள் அலுவலகத்துக்கு டேப் அக்கா மூன்று முறை தொலைபேசியில் கேட்டாள். பை கிடைக்கவில்லை.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை மகள் தாயிடம் இருக்க வேண்டும். தந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, நீதிமன்றத்தின் சந்திப்பு அறையில் அவளைப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழின் நகல் மே இரண்டாம் தேதி கிடைத்தது. ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, மகள் புதுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.